மழை விட்ட நேரத்துக்கு ஒரு சத்தமில்லாத கம்பியூட்டர்

இந்தப் பெட்டி ஓடுகிறதா, அணைந்து கிடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதன் முன்பக்கத்துச் சின்ன விளக்கைத்தான் பார்க்க வேண்டும். நான் தேடியதும் அப்படி ஒன்றைத்தான். அஸ்ராக் கம்பெனியின் டெஸ்க்மினி எக்ஸ்300 பெட்டி, அதற்குள் மூளையாக வேலை செய்கிற சிபியு, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, அதன் மேல் சூட்டைத் தணிக்கிற நொக்டுவாவின் என்எச்-எல்9ஏ கூலர். இவற்றைச் சேர்த்துக் கட்டிய கம்பியூட்டர் ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டில் உழைத்துவிட்டது. மலைநாட்டில் வீட்டுக்கென்று சின்னதாக, சத்தமில்லாமல் ஒரு கம்பியூட்டர் கட்ட நினைப்பவர்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பகலில் நான் டீச்சர். மற்ற நேரத்தில் தோட்டங்களில் வயதான பெண்கள் பாடும் பாட்டுகளைப் பதிவு செய்கிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடுவது, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு என்று அகப்பட்டதெல்லாம். கொட்டகலைப் பக்கம் வீடு. பழைய லயத்துக் காம்பராவை முன்னுக்கு நீட்டிக் கட்டியது, கூரை தகரம். காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த அளவு அறைக்குள்தான் மைக், கம்பியூட்டர், பாடுகிற ஆள், நான் எல்லாரும். வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழை விட்ட இடைவெளியில்தான் பதிவு. அந்த நேரம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிக் கிடைத்த அமைதியை ஒரு ஃபேன் சத்தத்துக்குக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஃபேன் சத்தத்தை எடிட்டிங்கில் நீக்கிக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். ஒலியை எடிட் செய்கிற ஒடாசிட்டி மென்பொருளில் அதற்கென்றே வசதி உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டினால், அதே மாதிரியான இரைச்சலைப் பதிவு முழுவதிலும் குறைத்துத் தரும். ஆனால் அது இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் தின்றுவிடும். ஒப்பாரியில் வரிக்கும் வரிக்கும் நடுவில் இழுக்கிற மூச்சுதான் உயிர். அதை மழுக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் வார்த்தைகள்.

இன்னொரு சிக்கல் சுருதி. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றும்போது வருவது வெறும் காற்றுச் சத்தம் இல்லை, அதற்குள் ஒரு ஸ்வரம் இருக்கிறது. ஏழு இதழ் உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 350 முறை இதழ்கள் காற்றை வெட்டும். 350 ஹேர்ட்ஸ் என்பது ஒரு பெண் பாடுகிற குரலுக்கு நட்டநடுவில் வந்து உட்காருகிற சுருதி. வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் பாதியாக இறங்கும், சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத்தான் கேட்கும். ஆகவே சத்தமில்லாத கம்பியூட்டர் வேண்டும் என்றால் கடையில் 'சைலண்ட்' என்று எழுதிய டப்பாவைத் தேடுவதைவிட, குறைந்த சூட்டில் ஓடக்கூடிய பாகங்களை எடுத்து ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுவதே வழி. கீழே சொல்கிற எல்லாத் தெரிவுகளும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

முதலில் சிபியு. 5600ஜி 2021இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். படம் காட்டுகிற கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம். கார்ட் இல்லையென்றால் அதன் ஃபேன்களும் இல்லை. பெட்டிக்குள் பாதி இரைச்சல் அங்கேயே ஒழிந்தது. இதை 45 வாட்டுக்கு இறக்கி ஓட்டவும் ஏஎம்டியே இடம் வைத்திருக்கிறது. பயாஸில், அதாவது கம்பியூட்டர் தொடங்கும்போதே திறக்கிற அடிப்படை அமைப்புப் பக்கத்தில், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பல டிராக் வைத்து எடிட் செய்தாலும் எனக்கு வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. நீளமான கோப்பு ஒன்றை மாற்றி எழுதும்போது கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூலர்தான் இந்தக் கட்டமைப்பின் மனசு. 5600ஜி டப்பாவில் ஏஎம்டி ஒரு கூலரைச் சேர்த்தே தருகிறது. அதன் உயரம் 54 மில்லிமீற்றர். டெஸ்க்மினிக்குள் 46 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. இதைத் தெரியாமல் வாங்கினால் மூடி மூடாது. என்எச்-எல்9ஏ ஃபேனோடு சேர்த்தே 37 மில்லிமீற்றர்தான். கூடிய வேகம் 2,500 சுற்று. டப்பாவுக்குள்ளேயே வருகிற ஒரு சின்ன வயரை இடையில் மாட்டினால் 1,800க்கு மேல் போகாது. அப்போது சத்தம் 14.8 டெசிபல் என்று நொக்டுவா சொல்கிறது. ஆஸ்திரியக் கம்பெனி, ஆறு வருட வாரண்டி. ஃபேனின் காவி நிறம் பலருக்குப் பிடிக்காது. மூடிக்குள் போன பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள். வாங்கும்போது டப்பாவில் ஏஎம்4 (இந்த சிபியு உட்காருகிற சாக்கெட்டின் பெயர்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலுக்கு வேறு, ஏஎம்5க்கு வேறு, மூன்றும் ஒரே முகச்சாயலில் இருக்கும். ஒரு கூலருக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்பார்கள். இந்தப் பட்டியலில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் என்பதே என் பதில்.

ஃபேனின் வேகம் ஏறி இறங்கக்கூடாது என்பது எனக்கு முக்கியம். ஒரே சீராக இருக்கும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. எடிட்டிங்கிலும் அதைப் பிடிக்க முடியாது. பயாஸில் எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று படிப்படியாக வைக்கலாம். 65 பாகை வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதற்குப் பிறகுதான் ஏற்றம் என்று வைத்திருக்கிறேன். இந்த சிபியு 95 பாகை வரைக்கும் தாங்கும்படி செய்யப்பட்டது, அதனால் 70க்குப் போனாலும் பயமில்லை. பதிவு நேரத்தில் அது 65ஐத் தொடுவதே இல்லை.

இங்கேதான் நம்முடைய குளிர் கைகொடுக்கிறது. கொழும்பில் அறை 30 பாகையில் இருக்கும்போது நமக்கு இரவில் 16, 17. அந்த வித்தியாசம் அப்படியே சிபியுவின் சூட்டிலும் குறையும். கொழும்பில் இருப்பவர் எழுதிய அனுபவத்தைப் படித்து, 'சின்னப் பெட்டி சூடாகிவிடும்' என்று நாம் பின்வாங்க வேண்டியதில்லை. உயரத்தில் காற்று மெல்லியது என்பதும் உண்மைதான். ஹட்டன், கொட்டகலை உயரத்தில் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அடர்த்தி குறைவு. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் இன்னும் குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுத்துப் போகும். ஆனால் குளிரால் வரும் லாபத்துக்கு முன் அந்த நட்டம் தெரிவதே இல்லை.

பெட்டியைப் பற்றி. நீளம், அகலம் 155 மில்லிமீற்றர், தடிப்பு 80. இரண்டு லீற்றருக்குள் அடக்கம். ஃபேன் உள்ள பவர் சப்ளை இதற்குள் கிடையாது. லப்டொப்புக்கு வருவது மாதிரி 19 வோல்ட், 120 வாட் அடப்டர் ஒன்று வெளியே இருக்கும். இன்னொரு ஃபேன் குறைந்தது என்பதால் எனக்கு இதில் இரட்டிப்பு சந்தோசம். அடப்டரிலிருந்து சில நேரம் மெல்லிய ரீங்காரம் வரும் என்பதால் அதை மைக்குக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். பெட்டியை மேசையில் வைக்காமல் வேறு சுவரில் அடித்த பலகைத் தட்டில் வைத்தேன். மேசையில் வைத்தால் ஃபேனின் அதிர்வு மரத்தின் வழியாக மைக் ஸ்டாண்டுக்கு ஏறும்.

இதைவிடப் பெரிய பெட்டியில் இன்னும் அமைதி கிடைக்கும். ஃபிராக்டல் நோட் 304 மாதிரி ஒரு பெட்டியில் 120 மில்லிமீற்றர் ஃபேன் வைத்த உயரமான கூலரே பிடிக்கும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். இடம் இருக்கிறவர்கள் அந்த வழி போகலாம். என் காம்பராவில் அந்தப் பெட்டியை வைத்தால் ஒரு கதிரையை வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கதிரையில்தான் பாட்டுக்காரர் உட்கார வேண்டும்.

பக்கத்து லயத்து அம்மாயிக்கு எண்பதுக்கு மேல் வயது. முன்பு லப்டொப்பில் பதிவு செய்த காலத்தில் அதன் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிடுவார். "அது கத்துது பாப்பா, நான் எப்புடிப் பாடுறது?" என்பார். புதுப்பெட்டி வந்த பிறகு ஒரு சாயந்தரம் மழை விட்டதும் வந்தார். நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தலையாட்டினேன். அவர் பேசாமல் இருந்தார். "பாடுங்க அம்மாயி" என்றேன். "மிசினு போட்டாத்தானே பாடுறது" என்றார். போட்டாச்சு என்று திரையில் ஓடுகிற கோட்டைக் காட்டினேன். அதன் பிறகு தன் அம்மா பாடிய தாலாட்டை முழுசாகப் பாடினார். இதுவரை அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். அந்தப் பதிவில் பின்னால் கேட்பது ஓடைத் தண்ணீரும் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும்தான். நான் அதிலிருந்து எதையும் நீக்கவில்லை.

கரண்ட் விசயம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, அந்தப் பக்கம் காசல்ரீ, மவுசாக்கலை என்று தண்ணீரைத் தேக்கி நாட்டுக்கே மின்சாரம் எடுக்கிற மலை இது. அப்படியும் காற்றில் ஒரு சவுக்குமரம் சாய்ந்தால் எங்கள் பக்கம் இருட்டு. 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலம் யாருக்கும் மறந்திருக்காது. இந்த இடத்தில் இந்தக் கட்டமைப்பு பெரிய உதவி. சும்மா நிற்கும்போது இருபது வாட்டுக்குள்தான் இழுக்கும், அதனால் சின்ன 650 விஏ யூபிஎஸ் ஒன்றே பாட்டை முடித்துக் கோப்பைச் சேமித்து நிதானமாக அணைக்கப் போதும். யூபிஎஸ் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கரண்ட் போனதும் அடிக்கிற 'பீப்' சத்தத்தை நிறுத்த வழி இருக்கிறதா? பாட்டின் நடுவில் அது அடித்தால் அந்தப் பதிவு போச்சு. பெட்டி அமைதியாக இருந்தாலும் சில யூபிஎஸ் உள்ளேயே உறுமும். என்னுடையது சுவருக்கு அந்தப்பக்கம் இஸ்தோப்பில் இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்துத்தான். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

குளிர் நமக்கு நண்பன் என்றால் ஈரம் எதிரி. ஓடுகிற கம்பியூட்டர் உள்ளே இளஞ்சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. இரவெல்லாம் அணைந்து குளிர்ந்து கிடக்கும் பெட்டியின் மேல், காலையில் அடுப்படி ஆவி வந்து பட்டால்தான் தண்ணீர் கோர்க்கும். அதனால் அடுப்படிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். விறகடுப்பு உள்ள வீடுகளில் புகைக்கரி இன்னொரு தொல்லை. டெஸ்க்மினியின் காற்றுத் துளைகளுக்குத் தூசு வடிகட்டி கிடையாது. கரி ஃபேன் இதழில் ஒட்டி, தூசைப் பிடித்து, கொஞ்ச நாளில் சத்தம் மாறும். காய்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்றால் அவ்வப்போது தட்டிவிட்டால் போதும். மூடி நாலு ஸ்க்ரூதான், பெண்கள் நாமே கழற்றலாம், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ரேமை இரண்டு எட்டு ஜிபியாக எடுங்கள், ஒரே பதினாறாக வேண்டாம். கிராபிக்ஸுக்கும் இந்த ரேம்தான் என்பதால் இரண்டு இடத்திலும் மாட்டினால் வேகம் நன்றாகவே கூடும். லப்டொப்புக்குப் போடுகிற சின்ன அளவு டிடிஆர்4, 3200. கோப்புகளைச் சேமிக்க, சுற்றுகிற பாகம் இல்லாத எஸ்எஸ்டி, எம்.2 வகையில் ஒன்று. எஸ்எஸ்டியோடு பேசுகிற பிசிஐ வழி 5600ஜியில் 3.0 வரைதான் என்பதால் 4.0 என்று கூடுதல் விலை சொல்லும் எஸ்எஸ்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி. ஒரு டெராபைட் நிறைய நாளைக்குத் தாங்கும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை உள்ளே போடாதீர்கள். காப்புப் பிரதிக்கு வெளியே ஒன்று வைத்து, பாடுகிறவர் வீட்டுக்குப் போன பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.

பாகங்கள் வாங்கியது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில். கொழும்பில் வேலை செய்கிற தம்பியோடு கடை கடையாகப் போனேன். ஒரு கடையில் மஸ்கெலியாப் பிள்ளை ஒன்று நின்றது. கண்ணாடி போட்டு, உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டி ஒன்றைக் காட்டி, "அக்கா, அதே காசுக்கு இது பெரிசா வரும். நீங்க கேக்குறதுல லைட்டே இல்லயே" என்றது. சத்தம் இல்லாததுதான் வேண்டும், பாட்டு பதியத்தான் என்றேன். "எங்க அப்பாயியும் பாடும் அக்கா" என்று சொல்லிவிட்டு, நான் கேட்ட பாகங்களைத் தேடித் தானே ஓடியது. அந்தப் பிள்ளை செய்த இன்னொரு உதவியை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்300 வந்தது 2020இல், 5600ஜி அதற்குப் பிறகு. பழைய பயாஸோடு கிடக்கிற பெட்டியில் இந்த சிபியுவைப் போட்டால் படமே வராது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்து, திரையில் படம் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஹட்டனுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தால் திரும்பவும் ரயில் ஏற வேண்டியதுதான். விலையை இங்கே எழுதவில்லை. டொலர் ஏறி இறங்குவதோடு மாறுகிறது, கடைக்குக் கடையும் மாறுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். யூஎஸ்பி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அவ்வளவுதான். கீபோர்ட், மவுஸ், பதிவுக்கான ஆடியோ இன்டர்ஃபேஸ், வெளி டிஸ்க் என்று மாட்டினால் பென்டிரைவுக்கு இடமில்லை. வைஃபை தனியாக வாங்கிப் போட வேண்டும். பின்னாளில் கிராபிக்ஸ் கார்ட் சேர்க்க வழியே இல்லை. பிள்ளைகள் பெரிய கேம் விளையாடக் கேட்கிற வீட்டுக்கு இது பொருந்தாது.

ஓ/எல், ஏ/எல் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் பார்க்க, சூமில் வகுப்புக்குச் சேர, டைப் செய்ய என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். இன்டெல் என்100 போட்ட மினி பிசி போதும். அந்த சிபியு 6 வாட்தான், ஃபேனே இல்லாத பெட்டிகளிலும் வருகிறது. இன்னும் குறைந்த காசில் வேண்டும் என்றால் ஆபிஸ்களில் ஓடி வந்த யூஸ்ட் பெட்டிகள் இருக்கின்றன: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலிட்டெஸ்க் மினி. இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5 8500டி போட்டது கிடைத்தால் நல்லது. ஆறு கோர், 35 வாட். எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தது, விண்டோஸ் 11 அந்தப் பழைய சிபியுக்களை ஏற்காது. யூஸ்ட் பெட்டியை வாங்கினால் ஃபேனைத் துடைத்து, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் அதிலேயே தெரியும்.

எக்ஸ்300 கிடைக்காவிட்டால் அதே அளவில் எக்ஸ்600 என்று அடுத்தது வந்திருக்கிறது. அதற்கு ஏஎம்5 சிபியு வேண்டும், 8600ஜி மாதிரி. அதுவும் ஆறு கோர், 65 வாட்தான். ரேம் டிடிஆர்5, கூலர் என்எச்-எல்9ஏவின் ஏஎம்5 வகை. நான் சொன்ன டிடிஆர்4 ரேமையோ ஏஎம்4 கூலரையோ அதற்கு வாங்கிவிடாதீர்கள், இரண்டும் மாட்டாது. ஃபேனுக்கு நான் வைத்திருக்கிற படிகளை அதிலும் அப்படியே வைக்கலாம்.